வழக்குக்காக அலுவலக மின்னஞ்சலைக் காத்து, திரட்டி, ஒப்படைத்தல்: முழுமையான வழிகாட்டி

வணிகத் தகராறு ஒன்று நீதிமன்றத்துக்குப் போகும் என்று தெரிந்தவுடன் பல அலுவலகங்களில் கணினிப் பொறுப்பாளருக்கு வரும் முதல் உத்தரவு, "அந்த மெயில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்" என்பதாகவே இருக்கிறது. அச்செடுப்பது இந்த வேலையின் கடைசிப் படிகளில் ஒன்று. அதிலிருந்து தொடங்குகிறவர்கள், அதற்கு முன் செய்திருக்க வேண்டியவற்றை இனிச் செய்யவே முடியாது என்பதை, நீதிமன்றத்தில் தர வேண்டிய சான்றிதழில் கையெழுத்திடும்போதுதான் உணர்கிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 அல்லது கூகுள் வொர்க்ஸ்பேஸ் பயன்படுத்தும், வழக்குக்கான மின்னணு ஆவணங்களைத் திரட்டும் 'இ-டிஸ்கவரி' குழு என்று தனியாக எதுவும் இல்லாத இந்திய நிறுவனங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. விளக்கத்துக்காகத் திருப்பூரில் பலருக்கும் பழக்கமான ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம்: சரக்கு கப்பலேறிவிட்டது, பணம் வரவில்லை, வெளிநாட்டு பையரோ, "வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து மெயில் வந்தது, அந்தக் கணக்குக்கே அனுப்பிவிட்டோம்" என்கிறார்.

இங்கே சட்டத்தின் ஒரு வரியை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 90-ஆம் பிரிவு, மின்னஞ்சலாகச் சென்ற செய்தி அனுப்பியவர் கணினியில் உள்ளிட்ட செய்தியோடு ஒத்திருப்பதாக நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது. ஆனால் அதை அனுப்பிய நபர் யார் என்பது குறித்து எந்த ஊகமும் செய்யக்கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே அந்த மின்னஞ்சல் பெட்டிக்குள் யாரால் நுழைய முடிந்தது, யார் நுழைந்தார் என்பதற்கான ஆதாரத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். மின்னஞ்சல் பாதுகாப்பையும் சாட்சியம் திரட்டுவதையும் இரு வேறு வேலைகளாகப் பிரித்து, ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்குப் போகலாம் என்று நினைப்பதிலிருந்தே பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வழக்கறிஞரிடமிருந்து எழுத்தில் ஓர் அறிவுறுத்தல் முதலில் வேண்டும். எந்தத் தகராறு, எந்தக் காலம், யார் யாருடைய பெட்டிகள் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். வாய்மொழி உத்தரவை நம்பித் தொடங்கினால், ஓர் ஊழியரின் பெட்டியை எந்த அதிகாரத்தில் திறந்தீர்கள் என்ற கேள்விக்குக் கணினிப் பொறுப்பாளர் தனியாக நின்று பதில் சொல்ல நேரும். அலுவலக அஞ்சலை நிறுவனம் பார்வையிடலாம் என்ற வாசகம் பணிநியமன ஆணையிலோ கணினிப் பயன்பாட்டு விதிகளிலோ இருக்கிறதா என்பதையும் வழக்கறிஞரே பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்து, உங்கள் சந்தா எது என்பதைச் சரிபார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்டில் முழுப் பெட்டியையும் அழியாமல் பிடித்துவைக்கும் 'லிட்டிகேஷன் ஹோல்ட்' வசதி, எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பிளான் 2 அல்லது அதை உள்ளடக்கிய இ3, இ5 போன்ற திட்டங்களில் கிடைக்கும். பிசினஸ் பிரீமியத்திலும் உண்டு. பிசினஸ் பேசிக், ஸ்டாண்டர்டு ஆகியவற்றில் இல்லை. கூகுளில் இதற்கான 'வால்ட்' பிசினஸ் பிளஸ் திட்டத்திலும் என்டர்பிரைஸ் ஸ்டாண்டர்டு, பிளஸ் திட்டங்களிலும் சேர்ந்து வரும். பிசினஸ் ஸ்டார்ட்டர், ஸ்டாண்டர்டு ஆகியவற்றில் சேர்ந்து வராது. வசதி இல்லையென்றால், தொடர்புடைய பெட்டிகளுக்கு மட்டுமாவது அன்றே உயர்திட்ட லைசென்ஸ் வாங்க வழியிருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேட்க வேண்டும். செலவுக்கு ஒப்புதல் வரட்டும் என்று ஒரு வாரம் காத்திருந்தால், அந்த வாரத்துக்குள் எது நிரந்தரமாக அழிந்தது என்பதே யாருக்கும் தெரியாமல் போகும்.

புதிதாக வாங்கிய இரண்டு ஹார்டு டிஸ்க்குகளும், பக்க எண் அச்சிட்ட தைத்த நோட்டு ஒன்றும் வேண்டும். யார், எப்போது, எந்தக் கணக்கில் நுழைந்து, எதைச் செய்தார் என்று ஒவ்வொரு படியையும் அன்றன்றே அந்த நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எக்செல் தாளில் எழுதினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பின்னால் திருத்தவில்லை என்று நிரூபிக்கும் சிரமம் எக்செல்லில் அதிகம் என்பதால் நான் நோட்டையே சொல்வேன்.

கடைசியாக, நாள்கணக்கு. வழக்கின் மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறு என்றால் வணிக நீதிமன்றச் சட்டம் பொருந்தும். அதன்படி பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்ய, சம்மன் பெற்றதிலிருந்து 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தாலும் மொத்தம் 120 நாளுக்கு மேல் இல்லை. தன்வசமுள்ள தொடர்புடைய ஆவணங்கள் அனைத்தையும், தனக்குப் பாதகமானவை உட்பட, வாதி பிராதுடனும் பிரதிவாதி எதிருரையுடனும் வெளிப்படுத்தியாக வேண்டும். எனவே உங்கள் வேலைக்கான காலம், வழக்கறிஞர் எழுத எடுத்துக்கொள்ளும் காலம் போக மிஞ்சுவது மட்டுமே.

2. யாருக்கும் சொல்லும் முன் பெட்டிகளைப் பிடித்துவையுங்கள்

'ஹோல்ட்' போடுவது முதல், ஊழியர்களுக்கு அறிவிப்பது பிறகு. இந்த வரிசையை மாற்றக்கூடாது. வழக்கு என்று கேள்விப்பட்டதும் கெட்ட எண்ணம் இல்லாதவர்கள்கூடத் தங்கள் பெட்டியைச் 'சுத்தம்' செய்யத் தொடங்குவார்கள். மேலாளரைக் கிண்டலடித்து எழுதிய ஒரு வரியை அழிக்கப் போய், அதே இழையில் இருக்கும் விலை ஒப்புதலையும் சேர்த்து அழித்துவிடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

மைக்ரோசாஃப்டில் ஒருவர் 'டெலிட்டட் ஐட்டம்ஸ்' கோப்புறையையும் காலி செய்துவிட்டால், அஞ்சல் கண்ணுக்குத் தெரியாத மீட்புக் கோப்புறைக்குப் போய் இயல்பாக 14 நாள், அமைப்பை மாற்றியிருந்தால் அதிகபட்சம் 30 நாள் இருக்கும். கூகுளில் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். அங்கிருந்தும் போனபின் அட்மின் 25 நாளுக்குள் மீட்கலாம். இந்தக் கெடுவுக்குள் ஹோல்ட் விழுந்துவிட்டால், பயனர் அழித்ததும் உள்ளே தங்கிவிடும். மைக்ரோசாஃப்டில் ஹோல்ட் நடைமுறைக்கு வரச் சில மணி நேரம் ஆகக்கூடும்; ஆகவே காலையில் போட்டுவிட்டு மதியமே ஊழியர்களைக் கூட்டிப் பேசாமல், மறுநாள்வரை பொறுப்பது நல்லது.

குறிச்சொல்லையும் தேதியையும் கொடுத்து, அதற்குள் அடங்கும் அஞ்சல்களை மட்டும் பிடித்துவைக்கும் வசதியும் உண்டு. இடம் மிச்சம் என்று எண்ணிப் புதியவர்கள் அதையே தேர்கிறார்கள். இந்தக் கட்டத்தில் எந்தச் சொல் முக்கியம் என்பது வழக்கறிஞருக்கே தெரியாது. முழுப் பெட்டியையும் பிடித்துவையுங்கள். குறைப்பதைப் பின்னால் தேடலில் குறைத்துக்கொள்ளலாம்.

வேலையை விட்டுப் போனவர்களின் பெட்டிகளே அதிகம் தொலைகின்றன. ஆர்டரை ஆரம்பத்திலிருந்து கையாண்ட மெர்ச்சண்டைசர் போன மாதம் விலகியிருப்பார். லைசென்ஸ் காசு வீணாகிறது என்று அவருடைய கணக்கை நீக்கும் கோரிக்கை வரிசையில் காத்திருக்கும். மைக்ரோசாஃப்டில் ஹோல்ட் போட்டபின் பயனரை நீக்கினால் பெட்டி செயலற்ற பெட்டியாகத் தங்கும். ஹோல்ட் இல்லாமல் நீக்கினால் 30 நாளில் போய்விடும். கூகுளில் கணக்கை நீக்காமல் 'ஆர்க்கைவ்டு யூசர்' என்ற லைசென்ஸுக்கு மாற்ற வேண்டும். எனவே ஹோல்ட் போடும் அன்றே, கணக்கு நீக்கும் கோரிக்கைகள் அனைத்தையும் நிறுத்திவைக்கும்படி மனிதவளப் பிரிவுக்கு எழுதிவிடுங்கள். பேக்கப் சுழற்சியில் பழைய பிரதியின் மேல் புதியது எழுதப்படுகிறது என்றால் அதையும் நிறுத்த வேண்டும்.

நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய மின்னணு ஆவணத்தை அது வராமல் தடுக்கும் நோக்கத்தோடு அழிப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை, "இதை மட்டும் எடுத்துவிடலாமா" என்று கேட்கும் மேலதிகாரியிடம் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

3. பாஸ்வேர்டை மாற்றும் முன் தடயத்தை எடுங்கள்

நம் உதாரணத்தைப் போல ஊடுருவல் சந்தேகம் இருந்தால் இந்தப் படி மற்ற எல்லாவற்றையும்விட நுட்பமானது. பணம் கைமாறி அதிக நேரம் ஆகவில்லையென்றால் வங்கிக்கும் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தகவல் கொடுங்கள். அதற்காக வேறு எதையும் காத்திருக்க வைக்கலாம். பணம் வெளிநாட்டிலிருந்து வெளிநாட்டுக்கே போயிருந்தால் பையர் தன் வங்கியை அணுகியாக வேண்டும். அதை அவரிடம் எழுத்தில் வலியுறுத்துங்கள்.

அதன் பிறகு பலரும் செய்வது பாஸ்வேர்டு மாற்றம். அது தேவைதான். ஆனால் சந்தேகத்துக்குரிய அஞ்சல் விதியையும் சேர்த்து அழித்துவிட்டு, "சுத்தமாகிவிட்டது" என்கிறார்கள். அந்த விதியே சாட்சியம். பெட்டிக்குள் நுழைந்தவர்கள், குறிப்பிட்ட பையரிடமிருந்து வரும் அஞ்சலையோ 'இன்வாய்ஸ்', 'பேமெண்ட்' போன்ற சொற்கள் உள்ள அஞ்சலையோ இணையச் செய்தி ஓடைகளுக்கென்று இருக்கும், யாரும் திறந்து பார்க்காத 'ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்' கோப்புறைக்கு நகர்த்திவிடும் விதி ஒன்றை எழுதிவைப்பது வழக்கம். விதிக்குப் பெயராக ஒற்றைப் புள்ளி மட்டும் இருக்கும். பட்டியலில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். இந்த விதி எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து உருவாக்கப்பட்டது என்பது தணிக்கைப் பதிவில் இருக்கிறது. பையருடைய கேள்வி மெயிலை உங்கள் கணக்காளர் ஏன் பார்க்கவே இல்லை என்பதற்கான விடையும் அதுதான்.

ஆகவே வரிசை இது: அஞ்சல் விதிகள், தானாக வெளியே அனுப்பும் அமைப்புகள், பெட்டியைப் பிறர் அணுகக் கொடுத்த அனுமதிகள், இணைக்கப்பட்ட வெளிச் செயலிகள் ஆகியவற்றைத் ஸ்கிரீன்ஷாட்டாகவும் கோப்பாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும், நுழைவுப் பதிவையும் தணிக்கைப் பதிவையும் பதிவிறக்க வேண்டும், அதன்பின் கணக்கின் நடப்பு அமர்வுகள் அனைத்தையும் துண்டித்து, பாஸ்வேர்டை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, விதியைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். பழகிய கைக்கு இது ஒரு மணி நேர வேலை. பணம் போகும் அபாயம் கண்முன் இருந்தால் மட்டும், கணக்கை முதலில் முடக்கிவிட்டுப் பதிவுகளைப் பிறகு எடுக்கலாம். கணக்கை முடக்குவதால் பதிவுகள் அழிவதில்லை.

பதிவுகளுக்கு ஆயுள் உண்டு. மைக்ரோசாஃப்டின் நுழைவுப் பதிவு இலவச நிலையில் 7 நாள்தான். 'என்ட்ரா ஐடி பி1' லைசென்ஸ் இருந்தால் 30 நாள். மைக்ரோசாஃப்டின் 'பர்வியூ' தளத்தில் உள்ள தணிக்கைப் பதிவு வழக்கமான திட்டங்களில் 180 நாள் இருக்கும். அஞ்சல் எந்தப் பாதையில் போனது என்ற 'மெசேஜ் டிரேஸ்' 90 நாள். வழக்கறிஞர் கேட்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால், கேட்கும் நாளில் இவை இருக்காது.

இந்தப் படியில் ஒரு சட்டக் கடமையும் இருக்கிறது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் அதற்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். எல்லாம் தெளிவான பிறகு தெரிவிக்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. தெரிந்தவரை முதலில் சொல்லிவிட்டு மீதியைப் பின்னர் சேர்க்கலாம்.

4. யாருடைய பெட்டி, எந்தக் கருவி

ஆர்டரின் பயணத்தைப் பின்தொடர்ந்து பட்டியலிடுங்கள்: விலை பேசியவர், மாதிரி அனுப்பியவர், கப்பல் ஆவணம் தயாரித்தவர், இன்வாய்ஸ் அனுப்பியவர், ஒப்புதல் கொடுத்த இயக்குநர். பெயர்ப் பெட்டிகளோடு, பலரும் பயன்படுத்தும் பொதுப் பெட்டிகளையும் சேர்க்க வேண்டும்.

அந்தப் பொதுப் பெட்டியில்தான் சிக்கல். 'அக்கவுண்ட்ஸ்' என்ற ஒரே கணக்கின் பாஸ்வேர்டை நால்வர் பகிர்ந்துகொள்ளும் அலுவலகங்கள் ஏராளம். வணிக வழக்குகளுக்கான உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் ஆணை, 6-ஆம் விதி, மின்னஞ்சல் முகவரி யாருக்குச் சொந்தம், யார் வசம் இருந்தது, யாரெல்லாம் அணுக முடிந்தது என்பதை உறுதிமொழியில் சொல்லக் கேட்கிறது. நால்வருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால், நால்வரின் பெயரையும் எழுதி, எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்கு நால்வரையும் தயாராக்க வேண்டியிருக்கும். இதற்கு முன் நடந்ததை மாற்ற முடியாது, மாற்றவும் முயலக்கூடாது. இருந்ததை இருந்தபடி நோட்டில் எழுதிவிட்டு, இன்று முதல் பொதுப் பெட்டியைப் பகிர்வுப் பெட்டியாக மாற்றி, ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கின் வழியாக மட்டும் அதற்குள் நுழையும்படி செய்யுங்கள்.

சிறு நிறுவனங்கள் பலவற்றில் அஞ்சல் வாடகை சர்வரிலிருந்து 'பாப்' முறையில் ஒரே கணினிக்கு இறங்கி, சர்வரிலிருந்து நீங்கிவிடுகிறது. அங்கே மொத்த வரலாறும் ஒரு பழைய கணினியில், அவுட்லுக் அஞ்சல்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பை அவுட்லுக்கில் திறந்து பார்த்துவிடாதீர்கள். திறந்தாலே கோப்பு மாறும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற 'ஹேஷ்' மதிப்பும் மாறும். அவுட்லுக்கை மூடி, கணினியைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி, வட்டில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் எழுதுதடுப்புக் கருவி வைத்திருக்கும் தடயவியல் ஆளைக் கொண்டு வட்டின் முழுப் பிரதியை எடுக்கச் செய்வதுதான் சரியான வழி. திறந்து பார்ப்பதெல்லாம் பிரதியின் பிரதியில்தான்.

"மெயிலில் அனுப்பிவிட்டேன், பாருங்க" என்று பையருக்குப் போன வாட்ஸ்அப் செய்திகளும் இருக்கும். அவை ஊழியரின் சொந்த மொபைலில் இருப்பதால் அவருடைய எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். இதை வழக்கறிஞரின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். தற்காலிகமாக, செய்திகள் தானாக மறையும் அமைப்பை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள்.

5. ஊழியர்களுக்கு எழுத்தில் அறிவிப்பு

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தத் தகராறு, எந்தக் காலம், எதையும் அழிக்கவோ நகர்த்தவோ யாருக்கும் ஃபார்வேர்டு செய்யவோ கூடாது, சந்தேகம் இருந்தால் யாரைக் கேட்பது ஆகியவை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். ஊடுருவல் சந்தேகம் உள்ள பெட்டிக்கு இந்த அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பக்கூடாது. உள்ளே இருப்பவரும் படிப்பார்.

6. திரட்டுதல்: ஃபார்வேர்டு செய்யாதீர்கள், எக்ஸ்போர்ட் செய்யுங்கள்

இங்கே நடக்கும் மிகப் பரவலான தவறு, அஞ்சலை வழக்கறிஞருக்கு ஃபார்வேர்டு செய்வது. ஃபார்வேர்டு செய்யப்பட்டது புதிய அஞ்சல். பழைய அஞ்சலின் தலைப்புத் தரவுகள் அதில் இருக்காது.

அந்தத் தலைப்பில் என்ன இருக்கிறது என்பதை ஒருமுறை திறந்து பார்த்தால் அதன் அருமை விளங்கும். 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகள் ஒவ்வொரு சர்வரும் அஞ்சலைப் பெற்ற நேரத்தைச் சொல்கின்றன. அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், மிகக் கீழே இருப்பதே பயணத்தின் தொடக்கம். அஞ்சல் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகளின் முடிவு இன்னொரு வரியில் இருக்கும். பையருக்கு வந்த போலி அஞ்சல் உங்கள் பெட்டியிலிருந்தே போனதா, அல்லது உங்கள் டொமைனில் உள்ள 'எம்' என்ற ஆங்கில எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதிய வேறொரு டொமைனிலிருந்து போனதா என்பதை இந்த வரிகள் காட்டிக்கொடுக்கும். அந்த அஞ்சலின் மூலம் பையரிடம்தான் இருக்கிறது. ஆகவே ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லாமல், அந்த அஞ்சலை இஎம்எல் அல்லது எம்எஸ்ஜி கோப்பாகச் சேமித்து ஜிப் செய்து தரும்படி வழக்கறிஞர் மூலம் கேட்க வேண்டும்.

உங்கள் பக்கத்தில், மைக்ரோசாஃப்ட் பர்வியூவில் ஒரு வழக்கை உருவாக்கித் தேடி எக்ஸ்போர்ட் செய்யலாம். 'குளோபல் அட்மின்' ஆக இருந்தும் எக்ஸ்போர்ட் வசதி தெரியவில்லையே என்று குழம்புவார்கள். 'இ-டிஸ்கவரி மேனேஜர்' என்ற பொறுப்பைத் தனியாக ஒதுக்க வேண்டும். எல்லாரின் அஞ்சலையும் படிக்கும் அதிகாரம் அட்மின் பதவியோடு தானாக ஒட்டிவராமல் இருப்பது நல்ல ஏற்பாடு. அந்தப் பொறுப்பை ஒருவருக்கு மட்டும் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப எடுத்து, இரண்டு தேதிகளையும் நோட்டில் எழுதுங்கள். கூகுள் வால்ட்டில் எடுத்த எக்ஸ்போர்ட் 15 நாளில் தானாக நீங்கிவிடும், உடனே பதிவிறக்குங்கள். அதோடு வரும் மெட்டாடேட்டா கோப்பும் செக்சம் கோப்பும் தேவையற்றவை என்று விட்டுவிடாதீர்கள்.

கோப்பு இறங்கிய கையோடு, அதைத் திறக்காமல், எஸ்எச்ஏ-256 ஹேஷ் மதிப்பை எடுங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் உள்ள 'கெட்-ஃபைல்ஹாஷ்' கட்டளை இயல்பாகவே இந்த முறையில்தான் கணக்கிடும். கிடைக்கும் 64 எழுத்துகளையும் நோட்டில் கையால் எழுத வேண்டியதில்லை. அச்செடுத்து ஒட்டிக் கையெழுத்திடுங்கள். ஒரு பிரதியை முதல் வட்டில் வைத்து முத்திரையிட்டு இயக்குநரின் பெட்டகத்தில் வைத்துவிட்டு, இரண்டாவது வட்டில் மட்டும் வேலை செய்ய வேண்டும்.

7. தேடலும் வடிகட்டலும்

தமிழ்நாட்டு அலுவலக அஞ்சலில் தேடுவது தனிக் கலை. ஒரே இழையில் ஆங்கிலம், தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்தில் தமிழ் ஆகிய மூன்றும் இருக்கும். 'பணம்' என்பதைத் தமிழ் எழுத்தில் மட்டும் தேடினால், ஆங்கில எழுத்தில் 'பணம் அனுப்பியாச்சா' என்று எழுதிய அஞ்சல் விடுபடும். அந்த வாக்கியத்தை இருவர் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதவும் மாட்டார்கள். சொற்பட்டியலை வழக்கறிஞர் தனியாகத் தயாரிக்கக் கூடாது. சம்பந்தப்பட்டவர்களின் அஞ்சல்களில் சிலவற்றைப் படித்து, பையருக்கு அவர்கள் வைத்திருக்கும் சுருக்கப் பெயர், ஸ்டைல் எண், பிஓ எண், கப்பல் ஏஜென்டின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்த பிறகே தேடல் சரியாக வரும். எண்களில் தேடுவது சொற்களில் தேடுவதைவிட நம்பகமானது.

தேடலில் சிக்காதவை மூன்று வகை: ஸ்கேன் செய்த பிடிஎஃப், பாஸ்வேர்டு போட்ட கோப்பு, இணைப்பாக இல்லாமல் டிரைவ் லிங்காக அனுப்பிய கோப்பு. பகுதியளவே அட்டவணைப்படுத்தப்பட்டவை (முழுமையாகத் தேட முடியாதவை) என்று மைக்ரோசாஃப்ட் தனியாகக் காட்டும் பட்டியலைத் திறந்து, தொடர்புடைய தேதிகளில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கையெழுத்திட்ட புரோஃபார்மா இன்வாய்ஸ் பெரும்பாலும் ஸ்கேன் பிரதியாகத்தான் இருக்கும். லிங்க் விஷயத்தில், இன்று அந்த லிங்கில் இருக்கும் கோப்பு அன்று அனுப்பப்பட்ட பதிப்புதானா என்பதைப் பதிப்பு வரலாற்றில் சரிபாருங்கள்.

நேரம் இன்னொரு பொறி. எக்ஸ்போர்ட்டில் வரும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசி கணக்கில் இருக்கும். நம் நேரம் ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஏப்ரல் 1 அதிகாலை 1 மணிக்கு வந்த அஞ்சல், பட்டியலில் மார்ச் 31 இரவு 7.30 என்று தெரியும். நிதியாண்டே மாறிவிடுகிறது. தேதி வரம்பு கொடுக்கும்போது இரு பக்கமும் ஒரு நாள் கூட்டிக் கொடுத்து, வழக்கறிஞருக்குத் தரும் பட்டியலில் இந்திய நேரத்துக்குத் தனி நெடுவரிசை சேர்த்துவிடுங்கள். மூலக் கோப்பில் எதையும் மாற்ற வேண்டாம்.

8. காட்டக்கூடாதவற்றைப் பிரித்தல்

வழக்கறிஞரோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 132-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அவருடைய டொமைனை வைத்து அத்தகைய அஞ்சல்களை முதலில் தனிக் கோப்புறைக்கு ஒதுக்குங்கள். எது பாதுகாப்புக்குரியது என்ற முடிவை அவர் எடுக்கட்டும். நிறுவனத்தில் சம்பளம் பெறும் சட்ட அலுவலருக்கு அந்தப் பிரிவின் பாதுகாப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொல்லியிருப்பதால், 'லீகல்' என்று பெயரிட்ட எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிட முடியாது. ஊழியரின் மருத்துவ அறிக்கை, குடும்பச் செய்தி போன்றவை கண்ணில் பட்டால் தொடர்பற்றவை என்று குறித்துவிட்டுக் கடந்துவிட வேண்டும். அலுவலக உணவு இடைவேளைப் பேச்சுக்கு அவை போகக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள், சொல்லுங்கள்.

9. 63-ஆம் பிரிவுச் சான்றிதழ்

மின்னணுப் பதிவுகளுக்காகப் பழைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழின் இடத்தில் இப்போது இருப்பது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழ். அட்டவணையில் அதற்கென்று படிவம் உண்டு. 'ஏ' பகுதியைப் பதிவை அளிக்கும் தரப்பும் 'பி' பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். கருவியின் வகை, தயாரிப்பு, வரிசை எண் அல்லது கிளவுட் அடையாளம், ஹேஷ் மதிப்பு, அது எந்த முறையில் எடுக்கப்பட்டது ஆகியவை கேட்கப்படுகின்றன. ஹேஷ் அறிக்கையையும் இணைக்க வேண்டும். பழைய 65பி மாதிரியை எடுத்துப் பிரிவு எண்ணை மட்டும் மாற்றிக்கொடுப்பவர்களை இன்றும் பார்க்க முடிகிறது. அதில் ஹேஷுக்கு இடமே இல்லை.

சான்றிதழின் தேவையை உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில், பழைய பிரிவின்கீழ், உறுதிசெய்திருக்கிறது. புதிய பிரிவோ, மின்னணுப் பதிவை அளிக்கும் ஒவ்வொரு முறையும் சான்றிதழை உடன் அளிக்கச் சொல்கிறது. அதனால் கையெழுத்திடப் போகிறவர் இரண்டாம் படியிலிருந்தே உடன் இருக்க வேண்டும். தான் பார்க்காத வேலைக்குக் கையெழுத்திட்ட மேலாளர், கூண்டில் நின்று "ஹேஷ் என்றால் என்ன" என்ற முதல் கேள்விக்கே தடுமாறினால், சரியாக எடுத்த பதிவும் சந்தேகத்துக்கு உள்ளாகும். 'பி' பகுதிக்கு யாரை நிபுணராகக் கொள்வது என்பதைத் தாக்கலுக்கு முந்தைய நாள் தேடாமல், தொடக்கத்திலேயே வழக்கறிஞரோடு முடிவுசெய்யுங்கள்.

அச்சுப் பிரதிகளுக்குக் கீழே பக்க எண்ணோடு, அந்த அஞ்சலின் தலைப்பில் உள்ள தனி அடையாளமான 'மெசேஜ் ஐடி'யையும் பட்டியலில் சேர்த்துவிட்டால், எந்தத் தாள் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று பின்னர் தேட வேண்டியதில்லை.

10. ஒப்படைத்தல்

இவ்வளவு பாதுகாத்த தொகுப்பை, யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய டிரைவ் லிங்காக அனுப்பிவிடுவார்கள். குறியாக்கம் செய்த வட்டில் நேரில் கொடுத்து, பெற்றதாகக் கையெழுத்து வாங்குவது மேல். லிங்க்தான் வழி என்றால் பெறுபவரின் கணக்குக்கு மட்டும் அனுமதி, காலாவதித் தேதி, தொலைபேசியில் தனியாகச் சொல்லும் பாஸ்வேர்டு ஆகிய மூன்றும் வேண்டும். பெற்றவர் தன் பக்கத்தில் ஹேஷைக் கணக்கிட்டு ஒத்துப்போகிறது என்று எழுதித் தரட்டும்.

11. ஹோல்டை விடுவித்தல்

தீர்ப்பு வந்த அன்றே ஹோல்டை எடுத்துவிடக்கூடாது. வணிக வழக்கில் ஆவணங்களை வெளிப்படுத்தும் கடமை வழக்கு முடியும்வரை தொடர்கிறது, மேல்முறையீடும் வரலாம். விடுவிக்கலாம் என்று வழக்கறிஞர் எழுத்தில் தந்த பிறகு, அதே பெட்டி வேறொரு தகராறுக்காகவும் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். மைக்ரோசாஃப்டில் ஹோல்டை நீக்கியபின்னும் 30 நாளுக்குத் தாமதப் பிடிப்பு ஒன்று தானாக இருக்கும். தவறான பெட்டியை விடுவித்துவிட்டது தெரிந்தால் அதற்குள் திரும்பப் போட்டுவிடலாம். விலகிய மெர்ச்சண்டைசரின் லைசென்ஸ் கணக்கை முடிப்பதும், இரண்டாவது வட்டை முறையாக அழித்து நோட்டில் பதிவதும் அந்த 30 நாள் கழிந்த பிறகு செய்ய வேண்டியவை.